பில்லில் 'காரைக்குடி' என்று போட்டால் போதுமா?

வெளிநாட்டுக் கம்பெனியிடம் ஒரு பொருள் வாங்குகிறோம், பழுதாகிவிடுகிறது. அல்லது கடல் தாண்டி இருக்கிற ஒருவருக்கு நாம் ஒன்றை விற்கிறோம். அவர் வேண்டாம் என்கிறார். எந்த நாட்டுச் சட்டப்படி இதைத் தீர்ப்பது? வாங்குகிற பக்கமும் விற்கிற பக்கமும் நின்று இந்தக் கேள்வியைப் பார்த்திருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடிப் பக்கம் சேலை, கொட்டான், டைல்ஸ், பலகாரம் என்று எதையாவது வெளிநாட்டுக்கு அனுப்புகிற வீடுகள் இப்போது நிறைய. அதே வீடுகளில்தான் போனைத் தட்டி வெளிநாட்டுச் சாமான் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வாங்கிய கதை. அப்பச்சிக்குக் காது மந்தமாகிவிட்டது. இணையத்தில் விளம்பரம் பார்த்து ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் காது கேட்கும் கருவி ஒரு ஜோடி வாங்கினோம். விலையை ரூபாயில் போட்டிருந்தார்கள். உதவி எண் +91-இல் தொடங்கியது. விளம்பரமே தமிழில் பேசியது. சில வாரங்களில் இடது காதுக் கருவி நின்றுவிட்டது. புகார் எழுதினால், 'எங்கள் விதிமுறைகளின்படி இந்த ஒப்பந்தம் அமெரிக்காவில் இன்ன மாநிலத்தின் சட்டத்துக்கு உட்பட்டது. தகராறு என்றால் அங்குள்ள நடுவரிடம் போகலாம்' என்று பதில் வந்தது. நடுவர் என்றால் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தகராறைத் தீர்க்கிற தனி ஆள். "விட்டுடு ஆத்தா, இதுக்காக அமெரிக்காவுக்கா போகப்போறோம்" என்றார் அப்பச்சி. பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் விஷயம் நின்றுபோகிறது. அந்த வரி அங்கே எழுதப்பட்டிருப்பதே நம்மை இப்படிச் சொல்ல வைப்பதற்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிற்க வேண்டியதில்லை. நம்முடைய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கிற இடத்திலோ, அவர் வேலை பார்க்கிற இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது அது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறது, பிரச்சினை எங்கே எழுந்தது என்றுதான் பார்க்க வேண்டும். இப்போது காரைக்குடிக்காரர் சிவகங்கையிலேயே புகார் கொடுக்கலாம். நேரில்கூடப் போக வேண்டாம், இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, 2020-இல் வந்த மின்வணிக விதிகள். இந்தியாவில் நிறுவப்படாத கம்பெனியாக இருந்தாலும், இந்திய நுகர்வோருக்குத் தொடர்ச்சியாக, முறையாக விற்றுவந்தால் இந்த விதிகள் அதற்கும் பொருந்தும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். ரூபாயில் விலை, இந்திய எண், தமிழ் விளம்பரம் இந்த மூன்றையும் திரைப்பிடிப்பு எடுத்து, 'நீங்கள் எங்கள் ஊரைத் தேடி வந்து விற்றவர்கள்; நாங்கள் உங்களைத் தேடி வந்தவர்கள் அல்ல' என்று விதி எண்ணோடு கடிதம் எழுதினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். கூடவே கார்டு கொடுத்த வங்கியில், பொருள் பழுது என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் மனுவும் போட்டேன். சார்ஜ்பேக்குக்குக் கெடு இருப்பதால், கம்பெனியின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடக் கூடாது. ஆணையம் வரைக்கும் போகாமலே முழுப் பணமும் வந்தது.

நடுவர் என்று எழுதியிருந்ததே, அது என்னாகும் என்று கேட்கலாம். வீடு வாங்கியவர்களுக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருப்பதால் மட்டும் நுகர்வோர் புகாரைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. அது உள்நாட்டு நடுவர் பற்றியது. வெளிநாட்டு நடுவர் என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இன்னும் கொஞ்சம் வாதம் மிச்சம் இருக்கும். ஆனாலும் நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும் பரிகாரம் என்று அந்தச் சட்டத்தின் 100-ஆவது பிரிவே சொல்கிறது. முதல் பதிலைப் பார்த்தே பின்வாங்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

இந்த விவகாரத்தில்தான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. எந்த நாட்டுச் சட்டம் என்பது ஒரு கேள்வி. எந்த ஊர் நீதிமன்றம் என்பது வேறு கேள்வி. தீர்ப்பு வந்தபின் பணத்தை எங்கே, எப்படி வசூலிப்பது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் விற்கிறவரும் பயப்படுவார், வாங்குகிறவரும் பயப்படுவார். சிவகங்கையில் எங்களுக்குச் சாதகமாகவே உத்தரவு வந்திருந்தாலும், இந்தியாவில் ஒரு பைசா சொத்து இல்லாத கம்பெனியிடம் அதை நிறைவேற்றுவது பெரும்பாடு. அதனால்தான் வங்கி வழியை நான் இரண்டாம்பட்சமாக நினைக்கவில்லை.

கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் (வியாபாரம் செய்யப்) போன காலத்தில் நம் ஐயாக்களுக்கு இந்தச் சிக்கல் ஓரளவு குறைவு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பர்மாவிலும் செல்லும். 1937 ஏப்ரலில் பர்மா தனியாகப் பிரிந்த பிறகும் அந்தச் சட்டம் அங்கே நீடித்தது. மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டமும் அதைப் பின்பற்றி எழுதியதே. ரங்கூன் கிட்டங்கியில் (வியாபார இருப்பிடத்தில்) எழுதிய பத்திரமும் காரைக்குடியில் எழுதிய பத்திரமும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. ஆனால் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து பேசி எழுதுவதாக நினைத்து எழுதிய சட்டம் அது. இன்றைக்கு அப்பச்சி கருவி வாங்கும்போது எந்த வரியையும் பேசி மாற்ற முடியாது. 'சம்மதம்' என்ற கட்டத்தைத் தொட்டால்தான் பணமே கட்ட முடியும். பேசவே வழியில்லாத ஒருவரை அவர் பேசாத ஒப்பந்தம் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது. நுகர்வோருக்கென்று தனி விதிகள் பிறந்ததற்கு இதுவே காரணம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது, விற்பவளாக இருந்தும்.

விற்ற கதைக்கு வருகிறேன். நானும் என் தங்கையும் கண்டாங்கிச் சேலை விற்கிறோம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் கூடினார்கள். ஐரோப்பாவில் இருக்கும் தமிழர்களுக்காகத் தங்கை இணையதளத்தில் யூரோ விலை போட்டாள். ஜெர்மனிக்கு எத்தனை நாளில் பார்சல் போய்ச் சேரும் என்று ஜெர்மன் மொழியிலும் ஒரு பக்கம் வைத்தாள். அங்கிருந்து ஓர் ஈழத்துப் பெண் ஒரு கல்யாணத்துக்காக மூன்று சேலையும், அளவு கொடுத்துத் தைத்த ஒரு பிளவுஸும் வாங்கினார். பார்சல் கிடைத்த அடுத்த வாரமே, நிறம் நினைத்தது போல இல்லை என்று எழுதினார். "அக்கா, இங்கத்தைய சட்டப்படி 14 நாளுக்குள்ள திருப்பி அனுப்பலாம்தானே?" என்று மரியாதையாகவே கேட்டார்.

எங்கள் பில்லின் அடியில் எல்லாக் கடைகளையும் போல 'காரைக்குடி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது', 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற இரண்டு வரியும் இருந்தன. இதை வைத்து மறுக்கலாமா என்று தங்கை கேட்டாள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினோம். அவர் ஐரோப்பிய விதியை எடுத்துக் காட்டினார்.

'ரோம் ஒன்று' (Rome I) ஒழுங்குவிதி என்று அதற்குப் பெயர். 2008-இல் இயற்றப்பட்டு, 2009 டிசம்பர் 17 முதல் செய்த ஒப்பந்தங்களுக்குப் பொருந்துகிறது. பொதுவாக, ஒப்பந்தம் செய்பவர்கள் எந்த நாட்டுச் சட்டம் வேண்டும் என்று தாங்களே தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்துகொள்ளாத விற்பனைக்கு, விற்றவர் இருக்கும் நாட்டின் சட்டம். ஆனால் 6-ஆவது பிரிவு நுகர்வோருக்குத் தனி. விற்பவர் தன் வியாபாரத்தை நுகர்வோரின் நாட்டை நோக்கிச் செலுத்தியிருந்தால், நுகர்வோர் வழக்கமாக வசிக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும். வேறு சட்டத்தைத் தேர்ந்து எழுதலாம்தான். எழுதினாலும், அவர் நாட்டுச் சட்டம் கைவிட முடியாதபடி கொடுத்திருக்கும் பாதுகாப்பை அந்த எழுத்து பறிக்க முடியாது. விற்பவர் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் ஜெர்மன் நீதிமன்றம் இந்த விதியைத்தான் பார்க்கும்.

நாட்டை நோக்கிச் செலுத்துவது என்றால் என்ன? இணையதளம் உலகம் முழுக்கத் தெரிகிறது, அதனாலேயே உலகம் முழுவதுக்கும் விற்கிறோம் என்று ஆகிவிடாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010 டிசம்பர் 7 அன்று இரண்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்துக் கொடுத்த தீர்ப்பில் இதற்கு அடையாளங்களைச் சொன்னது. கடைக்காரரின் நாட்டில் வழக்கமில்லாத மொழி, வழக்கமில்லாத நாணயம், நாட்டுக் குறியீட்டோடு போன் எண், அந்த நாட்டில் தேடுகிறவர்கள் கண்ணில் படப் பணம் கட்டிய விளம்பரம், வெளிநாட்டு வாடிக்கையாளர்களைக் குறிப்பிட்டு எழுதுவது, இப்படிப் பல. ஒன்றிரண்டு இருந்தாலே முடிந்தது என்று இல்லை; மொத்தமாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கள் யூரோ விலையும் ஜெர்மன் பக்கமும் ஜெர்மனியை நோக்கி நீட்டிய கைகள்தான். இதைப் படிக்கும்போது எனக்கு அப்பச்சியின் கருவிதான் நினைவுக்கு வந்தது. ரூபாயும் தமிழும் +91-உம் வைத்து நான் வாதாடிய அதே நியாயம், இப்போது அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. வாங்கும்போது ஒரு நியாயம், விற்கும்போது ஒரு நியாயம் என்று பேச எனக்கு மனம் வரவில்லை.

சரி, அவர் கேட்ட 14 நாள் எங்கிருந்து வருகிறது? 2011-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நுகர்வோர் உரிமைகள் நெறிமுறையிலிருந்து. தொலைவிலிருந்து வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். கடைக்கு வந்து தொட்டுப் பார்த்து வாங்கியதற்கு இது கிடையாது. இந்த உரிமை இருக்கிறது என்று கடைக்காரர் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால், கெடு மேலும் 12 மாதம் நீளும். வேண்டாம் என்று சொன்னதும் பொருளின் விலையோடு, அனுப்பியபோது வாங்கிய சாதாரண கூரியர் கட்டணத்தையும் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் கேட்டுக் கூடுதலாகக் கட்டியிருந்தால் அந்தக் கூடுதல் மட்டும் கிடைக்காது. பொருள் வந்து சேரும்வரை, அல்லது அனுப்பியதற்கு ரசீது காட்டும்வரை, பணத்தை நிறுத்திவைக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. திருப்பி அனுப்புகிற செலவு வாங்கியவருடையது, ஆனால் அப்படித்தான் என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும்.

பிளவுஸ் விஷயம் வேறு. வாடிக்கையாளர் கொடுத்த அளவுக்கென்றே செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. சேலைகளை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தோம். பிளவுஸ் பணத்தைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் அதை உடனே ஏற்றுக்கொண்டார். பலகாரம் அனுப்புகிறவர்களும் கவனிக்கலாம்: சீக்கிரம் கெட்டுப்போகிற பொருளுக்கும் இதே விலக்கு உண்டு. மணவோலையும் தேன்குழலும் 'சீக்கிரம்' என்பதற்குள் வருமா என்று கேட்டால், பல வாரம் தாங்குகிற பண்டத்துக்கு அந்த விலக்கை நம்பி இருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

இதை எல்லா நாட்டுக்கும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனபோது ரோம் விதியைத் தன் சட்டமாகவே வைத்துக்கொண்டது. அங்கும் 14 நாள் உண்டு. சுவிட்சர்லாந்து வேறு மாதிரி. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று சொல்லும் அவர்களுடைய 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120-ஆவது பிரிவு, அதில் வரும் நுகர்வோர் ஒப்பந்தங்களில் சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதையே அனுமதிப்பதில்லை. ஆனால் இணையத்தில் வாங்கியதைத் திருப்பும் 14 நாள் உரிமை அந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை. யாருடைய சட்டம் என்பதில் கடுமை, அந்தச் சட்டம் கொடுப்பதோ குறைவு. சிங்கப்பூரிலும் இணையத்தில் வாங்கியதற்குப் பொதுவான 14 நாள் கிடையாது. ஆனால் பொருள் கொடுத்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. அதனால் சிங்கப்பூருக்குப் போகும் சேலைகளைப் பிரித்துக் காட்டி வீடியோ எடுத்துவிட்டுத்தான் பார்சல் கட்டுகிறோம்.

கானாடுகாத்தானில் தன் பெரிய வீட்டை விடுதியாக நடத்துகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிரான்ஸிலிருந்து ஒரு தம்பதி அறை பதிவு செய்துவிட்டு, வரவேண்டிய தேதிக்கு நெருக்கத்தில் ரத்து செய்து, எங்கள் நாட்டில் 14 நாள் உரிமை உண்டு என்று முழுப் பணமும் கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் சேலை அனுபவத்தை அப்படியே அவருக்குச் சொல்லியிருந்தால் தப்பாகியிருக்கும். நுகர்வோர் வசிக்கும் நாட்டுக்கு வெளியிலேயே முழுக்க நடக்கிற சேவைக்கு ரோம் விதியின் 6-ஆவது பிரிவு பொருந்தாது. அறையும் சாப்பாடும் கானாடுகாத்தானில்தான். பிரான்ஸில் எதுவும் நடப்பதில்லை. ஆக, அவருடைய விதிமுறையில் எழுதியிருந்த இந்தியச் சட்டம் நின்றது. போதாததற்கு, குறிப்பிட்ட தேதிக்குத் தங்கப் பதிவு செய்ததற்கு அந்த 14 நாள் உரிமையும் கிடையாது.

ஆனால் நீதிமன்றம்? முன்னால் சொன்ன 2010 தீர்ப்பில் இருந்த இரண்டு வழக்குகளில் ஒன்று ஆஸ்திரிய ஹோட்டலுக்கும் ஜெர்மனியில் வசித்த ஒரு விருந்தினருக்கும் இடையே நடந்ததுதான். ஹோட்டல் தன் விளம்பரத்தை அந்த நாட்டை நோக்கிச் செலுத்தியிருந்தால், வழக்கு நுகர்வோரின் ஊர் நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு. எந்த நீதிமன்றம் என்பது பற்றி 2015 ஜனவரி 10 முதல் பொருந்துகிற புதிய ஐரோப்பிய விதிப்படி, எதிர்த்தரப்பு ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் நுகர்வோர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதாவது பிரெஞ்சு நீதிபதி ஒருவர் இந்தியச் சட்டத்தைப் பார்த்துக் கானாடுகாத்தான் அறை வாடகைக்குத் தீர்ப்புச் சொல்லும் நிலைகூட வரலாம். சட்டம் வேறு, நீதிமன்றம் வேறு என்று நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த அண்ணன் இதையெல்லாம் சொல்லி, வேறு தேதிக்கு மாற்றித் தருகிறேன் என்றார். அவர்கள் அடுத்த குளிர்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

வசூல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, மத்திய அரசு அறிவித்த நாடுகளின் குறிப்பிட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நேராக நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா இல்லை. அந்த நாட்டுத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். மூன்று சேலைக்காக யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காக, தீர்ப்பு நம்மைத் தொடாது என்ற தைரியத்தில் வாடிக்கையாளரை மறுக்கிற கடையை நான் மதிக்க மாட்டேன். தவிர, அவர் தன் கார்டு வங்கியிடம் ஒரு மனு போட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும்; மனுக்கள் கூடினால் பணம் வாங்கித் தரும் சேவையே நின்றுபோகும்.

இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. மறுபடி விற்பதற்காகவோ வியாபார நோக்கத்துக்காகவோ வாங்கினால் நீங்கள் நுகர்வோர் அல்ல; நான் சொன்ன நுகர்வோர் பாதுகாப்பு எதுவும் வராது. பிழைப்புக்காகத் தானே உழைத்துத் தொழில் செய்கிறவர் தன் உபயோகத்துக்கு வாங்கியதற்கு மட்டும் விலக்கு உண்டு. எங்கள் தையல்காரம்மா வெளிநாட்டிலிருந்து வரவழைத்த எம்பிராய்டரி மிஷின் அந்த விலக்குக்குள் வரும். பத்து மிஷின் வாங்கி ஆள் வைத்து ஓட்டும் பட்டறை வராது. ஆர்டர் போடும் நாளிலேயே விலைப் பக்கம், விதிமுறைப் பக்கம், விளம்பரம் மூன்றையும் படம் பிடித்து வையுங்கள். தகராறு வந்தபின் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கங்கள் மாறியிருக்கும்.

எங்கள் இணையதளத்தில் இப்போது நாட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் விலையே தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தைத் தேர்ந்தால், 14 நாள் உரிமை, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, அளவுக்குத் தைத்ததற்கு ரிட்டர்ன் இல்லை என்பது மூன்றும் பணம் கட்டும் முன்பே வந்து நிற்கும். சட்டம் பற்றிய வரியையும் வக்கீல் மாற்றி எழுதிக் கொடுத்தார். ஆஸ்திரிய நுகர்வோர் அமைப்பு ஒன்று அமேசான் மீது போட்ட வழக்கில், அந்தக் கம்பெனி இருக்கும் லக்சம்பர்க்கின் சட்டம் மட்டுமே பொருந்தும் என்று நுகர்வோரை நினைக்க வைக்கிற வரி நியாயமற்றது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் சொன்னது. அதனால் எங்கள் வரி இப்படி இருக்கிறது: 'இந்த ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம் பொருந்தும், நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டம் நுகர்வோருக்குக் கட்டாயமாகத் தரும் பாதுகாப்பு எதுவும் இதனால் குறையாது.' தமிழிலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறோம்.